லில்லி சுமந்த பிள்ளை

எஸ்தருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மருந்து ஏற ஏற நஞ்சுக்கொடி சுருங்கியது, குழந்தை வளரவில்லை. புதிதாக வந்திருந்த சிகிச்சை முறைப்படி மருத்துவர்கள் குழந்தையை நஞ்சுக்கொடியோடு எடுத்து, தங்கை லில்லியின் கருப்பையில் வைத்தார்கள்.

மாலைதோறும் எஸ்தர் லில்லி வீட்டுக்குப் போவாள்.

"உதைக்கான் பாரு, கைய வை" என்பாள் லில்லி. வைத்த கையை எடுக்க எஸ்தருக்கு மனம் வராது. திரும்பி வந்து தன் வெறும் வயிற்றைத் தடவியபடி படுத்துக்கொள்வாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். எஸ்தர் அவனை ஆசை தீர முகர்ந்தாள். அவன் பாலுக்கு அழுதான். அவளிடம் பால் இல்லை.

"நீ குடு லில்லி."

"வேண்டாங்க்கா. ஒருதடவ குடுத்துட்டா, பெறகு என்னால இவன விட முடியாது."

எஸ்தர் குழந்தையைத் தங்கையின் மடியில் கிடத்திவிட்டு, அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.