வித்தியாசம் இல்லை

"ரெண்டு தண்ணிக்கும் வித்தியாசம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்," என்றார் ஆலை மேலாளர்.

ஆலைக் கழிவு ஓடையில் கலக்கிறது என்று ஊரே புகார் செய்திருந்தது. ஓடைத் தண்ணீர் ஒரு பாட்டில், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் ஒரு பாட்டில். இரண்டையும் அவரேதான் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்.

இரண்டிலும் அடுக்கு ஹைட்ராக்சைடு பொடியை ஊறவைத்திருந்தாள் ஆய்வகப் பெண். தண்ணீரிலுள்ள அயனிகள் அந்தப் பொடியின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். என்.எம்.ஆர். கருவி அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

"இல்ல சார். ரெண்டும் ஒண்ணுதான்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான் சொன்னேனே, வேலையத்தவங்க கிளப்பிவிட்ட புரளின்னு. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை நீட்டும்போது கேட்டாள்.

"அந்த நல்ல தண்ணி எங்க பிடிச்சது சார்?"

"எங்க வீட்டுக் கிணத்துல. ஏன்?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டு கோடுகள். இரண்டிலும் ஒரே இடத்தில், ஊசி போல ஒரு முகடு.

"நல்ல தண்ணியில இந்த முகடு இருக்கவே கூடாது சார். இது உங்க ஆலைக் கழிவு."

மேலாளர் மகளைப் போனில் அழைத்தார்.

"குழந்தைக்குப் பால் பவுடர் கரைச்சுட்டியாம்மா? கிணத்துத் தண்ணியிலயா?"

"ஆமாப்பா, எப்பவும் போலத்தான். முழுசா குடிச்சுட்டு இப்பதான் கண்ண மூடினான்."