நேராக்கிய மட்கார்டு

"அசல் வண்டியில இடது மட்கார்டு ஒரு விரற்கடை உசரம்னு அளந்து எழுதிக் குடுத்தேன்ல? அதை ஏங்க மாத்தினீங்க?"

"அந்தக் காலத்துல கையால தட்டினவன் கோணலாத் தட்டிட்டான். நான் நேராக்கினேன். அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுறே?"

ஊர் என்றால் நான்தான். பட்டறைக்காரரும் மனைவியும் போடும் சண்டையைக் கேட்டபடி, வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நிற்கிறேன். உள்ளே பழைய பந்தயக் காரின் நகல் பளபளக்கிறது. இது தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். செய்யச் சொன்ன டாக்டர் வந்து, அசல் காரின்மேல் வைத்து வெட்டிய அட்டையை இடது வளைவில் பொருத்துகிறார். நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிகிறது. பட்டறைக்காரர் தொண்டையைச் செருமுகிறார். மனைவி முந்தானையால் அந்த வளைவைத் துடைக்கிறாள், துடைத்தால் உயர்ந்துவிடும் என்பதுபோல். டாக்டர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியை எடுக்காமலே கிளம்புகிறார்.

அடுத்த மாதமே பட்டறையைப் பூட்டிவிட்டு இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே அவர் கதவு, ஜன்னல் செய்கிறாராம். நல்ல பேராம்; எல்லாம் அவ்வளவு நேராம்.