ஒரு பெஞ்சு போதும்

"கால் கடுக்குதும்மா. ஒரு பெஞ்சு போடச் சொல்லு, அது போதும்."

சிவப்புப் பையைத் தோளில் மாட்டியிருந்த அம்மா இதைச் சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று அக்கம்பக்கம் பார்த்தாள். ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மறுபடி அதற்குள் எளிதில் நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது.

"தாராளமா சொல்லுங்கம்மா. உங்க பேரைக்கூட நான் கேக்க மாட்டேன்," என்றாள் புதுசு.

பூங்கா அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா வேலை போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

காலையில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தப் பூங்காவுக்கு வர்றவங்க என்னதான் எதிர்பாக்கறாங்கன்னு வெளிவாசல்ல நின்னு கேளு. உருப்படியா ஒரு விஷயம் கொண்டு வந்தா வேலை உனக்கு. இல்லேன்னா வேற இடம் பாத்துக்க."

வெளிவாசலில் நிற்கலாம், யாராவது வந்தால்தானே? கேளிக்கைப் பூங்கா என்று பெயர்தான். பாதி ராட்டினங்கள் துருப்பிடித்து நின்றன, ஐஸ்கிரீம் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியே போன ஒரே குடும்பமும் "ஆளை விடும்மா" என்று நடையைக் கட்டியது.

கூட்டம் இருந்த ஒரே இடம் இந்த ரோலர் கோஸ்டர் வரிசைதான். சாலையைப் பார்த்த கம்பிவேலியை ஒட்டி வளைந்து நெளிந்து நீளமாக நின்றது. இதை விட்டுவிட்டு வெளிவாசலில் போய்க் கேட்கச் சொன்ன முதலாளியின் மூளையை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எங்ககிட்டயா கேக்கச் சொன்னாரு முதலாளி?" பின்னால் நின்ற மீசைக்காரர் நம்பாமல் கேட்டார்.

"வேற யார்கிட்ட கேக்கறது? நீங்க இல்லேன்னா இந்த இடமே இல்லையே அண்ணே."

மீசைக்காரரிடம் இப்படி இதுவரை யாரும் பேசியதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சொல்றேன். தலைக்கு மேல ஒரு கூரை போடச் சொல்லு, வெயில்ல மண்டை காயுது. அப்புறம், ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா அந்த கேட்டுக்காரர் கத்தறாரு. நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?"

"அநியாயமா இருக்கே," என்றாள் புதுசு. அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அதற்குள் சிவப்புப் பை அம்மாவின் முறை வந்துவிட்டது. அவள் ஏறவில்லை. பின்னால் பிள்ளைகளோடு நின்ற தம்பதியை "நீங்க போங்க" என்று முன்னால் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள். ஏறுகிற நேரத்தில் பயம் வந்துவிட்டது, பாவம், தைரியத்தைத் திரட்டிக்கொண்டு மறுபடி வருவாள் என்று புதுசு நினைத்துக்கொண்டாள்.

வரிசை முழுக்க ஒரே பாட்டுத்தான். பெஞ்சு, நிழல், குடிக்கத் தண்ணீர். புது ராட்டினம் வேண்டும் என்றோ டிக்கெட் விலையைக் குறைக்க வேண்டும் என்றோ ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனசுக்காரர்களை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

மாடியில் முதலாளியின் அறை ஜில்லென்றிருந்தது.

"பெஞ்சா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு கேட்டா?"

"ரோலர் கோஸ்டர் வரிசையில நிக்கறவங்க சார். கால் வீங்கிப் போய் நிக்கறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. அதை மட்டும் செஞ்சுட்டோம்னா நம்மளை மறக்கவே மாட்டாங்க சார்."

முதலாளி எழுந்து கண்ணாடி ஜன்னல் பக்கம் வந்தார். கீழே வரிசை முழுதாகத் தெரிந்தது. "யார் யாருன்னு காட்டு, பாப்போம்."

கூப்பிட்டு நன்றி சொல்வார், இல்லாவிட்டால் ஆளுக்கொரு இலவச டிக்கெட்டாவது கொடுப்பார். புதுசுக்கு வாயெல்லாம் பல். "அதோ, சிவப்புப் பை வெச்சிருக்காங்களே, அவங்கதான் சார் முதல்ல சொன்னது. அந்த மீசைக்காரர் கூரை கேட்டாரு. தொப்பி போட்ட அக்கா தண்ணி கேட்டாங்க." யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று, வாயே திறக்காமல் வெறுமனே தலையாட்டிய ஒரு சின்னப் பெண்ணையும் சேர்த்துக் காட்டினாள்.

சிவப்புப் பை அம்மா அண்ணாந்து பார்த்தாள். புதுசு கையசைத்தாள். அவளும் செருப்பு பிடித்த கையை ஆட்டிச் சிரித்தாள்.

"கெட்டிக்காரி," என்றார் முதலாளி. "உனக்கு வேலை நிரந்தரம். நாளைக்கு ஆர்டர் வாங்கிக்க."

இதை அப்பாவிடம் நேரில் சொல்வதா, இப்போதே போன் போடுவதா என்று அவள் யோசிப்பதற்குள், முதலாளி மேஜை மேலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார். "கேட், கேக்குதா? சிவப்புப் பை, மீசை, தொப்பி, ஓரத்துல நிக்கற பொண்ணு. நாலு பேரையும் இப்பவே வெளிய அனுப்பு. இனிமே உள்ள விடாத."

புதுசு கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தாள். கீழே கேட்டுக்காரர் சிவப்புப் பை அம்மாவின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அவள் செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட அவர் விடவில்லை.

"சார், காசு குடுத்து வந்தவங்களை எதுக்கு சார் துரத்தறீங்க?"

முதலாளி வாக்கி டாக்கியைக் கீழே வைத்தார்.

"வரிசையில நிக்கறதுக்கு அவங்களுக்குக் கூலி குடுக்கறதே நான்தாம்மா."