எழிலின் பெரிய படம்

விஸ்வநத்தம் கிராமத்து அச்சகத்தின் கணினி அறையில் பிற்பகல் வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. பட்டாசுப் பெட்டி லேபிள் படங்களைச் சிறிதாக்கும் புரோகிராமை முனியராஜ் சோதிக்கிறான். சோதனைப் படத்தில் சிரிப்பவள், போன மாசியில் காய்ச்சலில் இறந்த அவன் மனைவி எழில். பழைய புரோகிராம் ஒவ்வொரு சிறிய அளவுக்கும் கிராபிக்ஸ் கார்டின் மெமரிக்குப் போய்ப் பெரிய படத்தை முதலிலிருந்து படிக்கும். புதியது ஒரே தடவை படித்து, நான்கு நான்கு புள்ளிகளாக ஒன்றாக்கி, கையில் இருக்கும் சிறிய படத்திலிருந்தே அடுத்த அளவைச் செய்துவிடுகிறது. திரையில் அவள் பாதியாகிறாள், பாதியிலும் பாதியாகிறாள். மூக்குத்தி மறைகிறது, சிரிப்பு மறைகிறது, முகமும் மஞ்சள் சேலையும் கலந்த ஒற்றைப் புள்ளி மிஞ்சுகிறது.

"ஏலே, கண்ண மூடித் தெறக்கங்குள்ள முடிஞ்சிருச்சே!" முதலாளி ராஜபாண்டியன் அவன் தோளைத் தட்டுகிறார். "பழச அழிச்சிரு. அந்தப் பிள்ள படத்தையும் எடுத்துரு ராசா. எம்புட்டு நாளைக்குத்தான் பாத்துக்கிட்டே இருப்ப?"

"எடுத்துருதேன் அண்ணாச்சி."

அவர் படியிறங்குகிறார். கீழே அச்சு இயந்திரம் தடதடக்கிறது, டீயில் ஆடை படிந்திருக்கிறது. முனியராஜ் எதையும் அழிக்கவில்லை. பழைய புரோகிராமை ஓடவிடுகிறான். அது மெதுவாக, ஒவ்வொரு அளவுக்கும், எழிலின் பெரிய படத்துக்கே திரும்பிப் போகிறது.