கண் எரியாத காலை

லாயத்துக் கதவைத் திறந்ததும் அண்ணி பழக்கத்தில் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். இரண்டு வாரமாக மூத்திர நெடி முகத்தில் அறைந்துதான் அவளுக்குப் பொழுது விடிகிறது. ஈன்று இளைத்த குதிரைக்குப் பால் ஊறட்டும் என்று சத்துமாவை ஆசை ஆசையாய் ஒரே வேளையில் கொட்டியவள் அவள்தான், வேறு யார். சிறுகுடல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரதத்தை வாங்கிக்கொள்ளும், மிஞ்சியது மூத்திரத்தில் கண்ணெரிக்கும் நெடியாகப் போய்விடும் என்று கால்நடை மருத்துவரான கொழுந்தன் சொன்ன பிறகு, நாலு நாளாக அதே மாவை மூன்று வேளையாகப் பிரித்து வைக்கிறாள். இன்றும் பால் போதுமான அளவு இறங்காவிட்டால் குட்டியைப் பிரித்துப் புட்டிப்பாலுக்கு மாற்ற வேண்டியதுதான். அவன் புட்டியும் கையுமாகத்தான் பின்னால் வந்து நிற்கிறான்.

ஒரு கண்ணைத் திறக்கிறாள், பிறகு மற்றதை. எரியவில்லை. ஜன்னல் வெயிலில் தூசி பொன்னாய் மிதக்கிறது. மண்டியிட்டு ஈர வைக்கோலை முகர்ந்து பார்க்கிறாள்.

“என்ன அண்ணி, பன்னீரா மணக்குது?”

“வைக்கோல் வாசம்தான்டா வருது.”

“உங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கும்.”

“உனக்குக் காது அடைச்சிருக்கு. அங்க கேளு.”

தாயின் வயிற்றடியில் மடக் மடக்கென்று சத்தம். குட்டி நிமிர்ந்து பார்க்கிறது, மீசை முடியெல்லாம் பால்நுரை. கொழுந்தன் புட்டியை மெதுவாகப் பைக்குள் நுழைக்கிறான். குதிரையோ காலித் தொட்டியை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய், அண்ணியை ஏறிட்டுப் பார்க்கிறது. அவள் கை தானாக மாவு டப்பாவுக்குப் போய், பாதியில் நிற்கிறது.

“போதும்டி என் ராசாத்தி,” என்று அதன் நெற்றியில் நெற்றியை வைக்கிறாள். “மீதி மத்தியானம்.”