எதிர்ச்சுவர்க்காரன்

அது ஒற்றை அறை வீடு. தச்சர் ஒரு சுவரில் மடக்குக் கட்டிலும் எதிர்ச்சுவரில் மடக்கு மேசையும் செய்து மாட்டியிருந்தார். ஒன்றை விரித்தால் மற்றதை மடக்கியாக வேண்டும், அவ்வளவுதான் இடம். மடக்கிவிட்டால் முகம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வெளியே நடப்பது எதுவும் தெரியாது.

இரவில் விரிந்ததும் கட்டில், அறையின் நடுவில் கிடந்த முக்காலியிடம் புலம்பும்: "எதிர்ச்சுவர்க்காரனைப் பாரு. எப்பப் பார்த்தாலும் சுவத்துல சாஞ்சுகிட்டு சும்மா நிக்கிறான். வீட்டுப் பாரமெல்லாம் என் தலையில."

விடிந்ததும் மேசை கட்டிலைக் காட்டி அதையேதான் சொல்லும். இரண்டு வேளையும் உழைக்கிற முக்காலி இருவருக்கும் எடுத்துச் சொல்லிப் பார்த்தது. யாரும் நம்பவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கட்டிலின் கொக்கி கழன்றது. முழுதாக விரிய இடமில்லாமல் மேசையின் விளிம்பில் முட்டி நின்றது. அப்போதுதான் பார்த்தது. மேசையின் மேல் ஆவி அடங்காத குக்கர், தையல் மெஷின், பிள்ளையின் வீட்டுப்பாடம். பலகை முழுக்கக் கத்திக் கீறல்.

"நின்ன களைப்பு தாங்காம விழுந்துட்டான் பாரு!" என்று மேசை எரிந்து விழுந்தது.

வீட்டுக்காரர்கள் கட்டிலை நிமிர்த்திக் கொக்கியை மாட்டினார்கள்.

அன்றிரவு கட்டில் விரிந்ததும், வழக்கமான புலம்பலைக் கேட்க முக்காலி தயாரானது.

"மெதுவாப் பேசு," என்றது கட்டில். "அவன் தூங்கட்டும்."