முதல் சொல்லிலேயே வாங்கிய டிரில்

டிரில் உள்ளே இறங்கிவிட்டது. இனி நிறுத்த முடியாது.

பெய்ராம் எந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். பட்டறை ஐவாஸுடையது, சி.என்.சி. எந்திரமும் ஐவாஸுடையது. டிரில் மட்டும் பெய்ராமுடையது. அதன் வெட்டுமுனையில் அரிசி நொய் அளவுக்கு ஒரு விள்ளல் போயிருக்கிறது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பொறுமை கிடையாது. ஆழமான துளை என்றால் ஒரே மூச்சில் இறங்கியாக வேண்டும். முனை சரியில்லாமல் ஓர் இடத்தில் தேய்த்துக்கொண்டு நின்றால் அந்த இடம் இறுகிப்போகும். அப்புறம் டிரில் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், துளை போடும் தண்டு பழைய இரும்புக்குத்தான் போகும். பால் பண்ணைப் பம்புக்கான தண்டு அது. ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வாங்கிப்போக ஆள் வந்துவிடுவான்.

தண்டு போனால்கூடப் பரவாயில்லை. ஐவாஸின் உறவு மறுபடி போய்விடுமே என்றுதான் பெய்ராமுக்குப் பயம்.

போன பனிக்காலத்தில் வந்த சண்டை. கூரைப் பனியை வழித்து யார் யாருடைய வாசலில் தள்ளியது என்பதில் ஆரம்பித்தது. தப்ரீஸ் நகரின் அந்தத் தெருவில் சுவரோடு சுவராகப் பட்டறை வைத்திருந்தும் அன்றிலிருந்து இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பனி உருகியது, வாதுமை பூத்தது, கோடையும் வந்தது. சண்டை மட்டும் அப்படியே கிடந்தது.

இன்று மதியம் ஐவாஸே வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, என்னோட நீள டிரில் ஒடிஞ்சுபோச்சு. உங்ககிட்ட இருக்குமா?"

பெய்ராமுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது என்னப்பா பெரிய விஷயம், என் உயிரே உனக்குத்தான். எடுத்துக்கோ."

ஊர் வழக்கப்படி ஐவாஸ், "ஐயோ, வேண்டாம்ணே" என்றிருக்க வேண்டும். மறுபடி நீட்ட, மறுபடி மறுக்க, மூன்றாவது முறைதான் கை நீளும். அந்த இடைவெளியில் பெய்ராமுக்கு விள்ளல் ஞாபகம் வந்திருக்கும், சொல்லியும் இருப்பார்.

ஐவாஸ் முதல் சொல்லிலேயே வாங்கிக்கொண்டார். மறுத்தால் பகை இன்னும் தீரவில்லை என்று அண்ணன் நினைத்துவிடுவாரோ என்று பயந்திருக்க வேண்டும். வாங்கிய கையோடு போயும் விட்டார்.

பின்னால் ஓடிப்போய், "இரு, அது சரியில்லை" என்றால் கொடுத்ததைப் பிடுங்க வந்தவர் ஆகிவிடுவார். சொல்லாமல் விட்டால், பனிக்குப் பழிவாங்க வேண்டுமென்றே கெட்ட டிரில்லைக் கொடுத்தவர். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பெய்ராம் ஒருவழியாக இங்கே வந்து சேர்வதற்குள், தண்டு எந்திரத்தில் ஏறிக் கதவும் மூடியிருந்தது.

அவர் கை எந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வரை போய்த் திரும்பியது.

"உக்காருங்கண்ணே. நீங்க நடக்குற நடையில எனக்குத் தலை சுத்துது."

"உக்காந்தா முட்டி பிடிச்சுக்குதுப்பா."

முனை தேயும் கிறீச்சிடலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. சூடு தணிக்கும் கூலண்ட் கொட்டிக்கொண்டே இருக்க, டிரில் முனகக்கூட இல்லாமல் இறங்கியது, அடி வரை போனது, முழுசாக வெளியே வந்தது. பெய்ராம் மனசுக்குள் எல்லா இமாம்களுக்கும் நன்றி சொன்னார்.

ஐவாஸ் டிரில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்து நீட்டினார்.

"இது இல்லன்னா இன்னைக்கு என் மானம் போயிருக்கும்ணே. இருங்க, டீ ஊத்துறேன்."

அவர் சமோவர் பக்கம் திரும்பியதும் பெய்ராமுக்குச் சும்மா நிற்கத் தோன்றவில்லை. எந்திரத்தின் தொட்டிக்குள் ஒரு ஸ்பானர் விழுந்து கிடந்தது. அதை எடுக்கலாம் என்று காந்தத் தடியை உள்ளே விட்டார்.

துளையிலிருந்து வந்த உலோகச் சுருள்கள் மொத்தமும் துள்ளி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன.

நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் இழுக்காது. பாத்திரக்கடைக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. இது சாதா இரும்பு.

பெய்ராம் மெல்ல நிமிர்ந்தார். மூலை மேசையில், சுற்றிய எண்ணெய்த்தாள்கூடப் பிரிக்கப்படாமல், பால் பண்ணைத் தண்டு கிடந்தது.

பெட்டியைத் திறந்த உடனேயே ஐவாஸ் விள்ளலைப் பார்த்துவிட்டிருக்கிறார். பார்த்துவிட்டு, அண்ணன் பின்னாலேயே வருவதையும் பார்த்திருக்கிறார். அவர் மனசு நோகக்கூடாதென்று ஏதோ ஓர் இரும்புத் தண்டை ஏற்றித் துளைத்துக் காட்டியிருக்கிறார்.

பெய்ராமுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று இன்னும் வெட்கமாக இருந்தது.

ஐவாஸ் திரும்புவதற்குள் சுருள்களை அவசரமாக உருவித் தொட்டியில் போட்டார். டீயை நின்றபடியே, ஆற விடாமல், நாக்கு வேகக் குடித்தார். பட்டறையைத் திறந்துபோட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தன் வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, ஐவாஸ் தெருவைக் கடந்து எதிர்ப்பட்டறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். அது சஃபருடையது. தெருவுக்கே டிரில் இரவல் கொடுப்பவர் அவர்தான்.

சஃபர் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு நீளமான பெட்டி ஒன்றை நீட்டினார். அவ்வளவு அவசரத்திலும் ஐவாஸ் மறுத்தார். மறுபடி மறுத்தார். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் அங்கேயே, சஃபரின் முகத்துக்கு நேராகவே, பெட்டியைத் திறந்து முனையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.